பித்தளை ஆணி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ஆணிவாயர் என்பார்கள். சோபா, நாற்காலி, கார் சீட்டு, பஸ் சீட்டு என்று மனிதர்கள் உட்காருகிற எதுவானாலும் பிரித்து, பஞ்சு மாற்றி, புதுத் துணியோ ரெக்ஸினோ போட்டு ஆணியடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையால் சுத்தியல் பிடிக்க வேண்டும், ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. அதனால் காலையிலேயே ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை வெளியே பார்க்கும்படி உதட்டுக்குக் கொண்டுவரும். காந்தம் வைத்த சுத்தியல் முனை அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு தட்டில் ஆணி மரத்தில் நிற்கும், மறு தட்டில் இறங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மனிதர் சுத்தியலுக்கு முத்தம் கொடுக்கிறாரோ என்று தோன்றும்.

ஸ்டேப்ளர் பின் அடிக்கிற மெஷின் வந்து எத்தனையோ வருடம் ஆகிறதே என்று கேட்கும் அறிவாளிகளுக்கு ஒரு பதில்: அது எங்கள் கடையிலும் இருக்கிறது. அவசர வேலைக்கு அதைத்தான் எடுப்பார். ஆனால் மூலை மடிப்பில் ஆணியைப் பாதி அடித்துப் பார்த்து, கோணல் என்றால் பிடுங்கி, மறுபடி இழுத்து அடிக்கலாம். பின்னைப் பிடுங்கினால் துணி கிழியும். இதில் தொழில் பெருமை எதுவும் இல்லை, வெறும் சௌகரியம்தான்.

வாய் நிறைய ஆணி இருப்பவரால் எதிர்த்துப் பேச முடியாது. அதனால் பொறுமைசாலி என்ற நல்ல பெயர் அவருக்குச் சும்மாவே கிடைத்தது. சாமான் கொடுத்தவர் வந்து கத்துவார், இவர் "ம்" என்பார், வந்தவர் தானாக அடங்கிப் போய்விடுவார். "பகல் பூரா வாயைத் திறக்க மாட்டாரு, அதனாலதான் எங்க குடும்பம் ஓடுது" என்பாள் அக்கா. கடையில் உறை தைப்பது நான். இருபத்து மூன்று வருடமாக அவருக்குப் பக்கத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பேசியதில் ஒரு பேச்சு அவருடைய தாடைக்கு வினையாகப் போனது.

அத்தானுக்கு அப்போது அறுபத்தொன்று. சர்க்கரை உண்டு, மாத்திரையும் உண்டு, இரண்டுக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு திங்கட்கிழமை கீழ் இடது பக்கம் பல் வலிக்கிறது என்றார். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லாத பல்லைப் பிடித்துக்கொண்டு மனிதர் இரண்டு நாள் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். புதன்கிழமை காலையில் கொப்புளம் கிளம்பியது. கீழ் உதட்டில் பாதி, முகவாயில் பாதி, காதுக்கு முன்னால் கொஞ்சம், நாக்கிலும் பாதி. சாக்பீஸால் கோடு போட்டு வெட்டின மாதிரி நடுவோடு நின்றுவிட்டது. வலது பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அக்கி" என்றார் டாக்டர். "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். அந்தக் கிருமி போகாம நரம்புக்குள்ள படுத்துக் கெடந்திருக்கு. உடம்பு கொஞ்சம் தளர்ந்ததும் வெளிய வந்திருக்கு. இது தாடைக்குப் போற நரம்பு."

"அம்பத்தஞ்சு வருஷமா சொல்லாம கொள்ளாம உள்ள குடியிருந்திருக்கானா?" என்று கேட்டார் அத்தான். வாயில் ஆணி இல்லாவிட்டால் அவருக்கும் பேச வரும்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை எழுதிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "வாய்க்குள்ளயும் வந்திருக்கு, சுகரும் இருக்கு. ரொம்ப அபூர்வமா சில பேருக்கு இதனால தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் கெட்டுப்போகும். பல்லு ஆடும். எலும்பே செத்துப்போகும். முத்தவிட்டா தாடையையே வெட்டி எடுக்கிற மாதிரி ஆயிடும். கொப்புளம் ஆறினப்பறம்கூட வரலாம். பல்லு ஆடினா அன்னைக்கே வந்திடணும்." அக்கா அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டினாள்.

மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. தலையணை ஓரம் பட்டால் நெருப்பு, மின்விசிறிக் காற்று பட்டால் நெருப்பு. சவரக் கத்தி அந்தப் பக்கம் போகவே முடியாததால் வலது கன்னத்தை மட்டும் மழமழவென்று வழித்துக்கொண்டு, இடது பக்கம் தாடியோடு கடைக்கு வந்தார். தெருவே சிரித்தது. எதிர்க்கடை பூட்டுக்காரர், "பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு போலிருக்கே, மீதி எப்ப டெலிவரி?" என்று கேட்டார். அத்தான் "ம்" என்றார். தோலுக்கு மேலே அப்படி எரிந்தது, உதட்டுக்கு உள்ளே மரத்துக் கிடந்தது. எச்சில் வழிவது அவருக்கே தெரியாது. இடது பக்கம் ஒதுங்கிய ஆணிகள் சட்டையில் விழுந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் பார்த்துவிட்டு, எல்லா ஆணியையும் வலது கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்ளப் பழகிக்கொண்டார்.

அவர் வீட்டில் படுத்திருக்க வேண்டியவர்தான். வந்ததற்குக் காரணம் நான். ஒரு சினிமா தியேட்டரைப் புதுப்பித்துத் திறக்கப் போகிறார்கள், நூற்று நாற்பது சீட்டுக்கு உறை மாற்ற வேண்டும். மேனேஜர் என் தையலைப் பார்த்து, அத்தானைக் கேட்காமல் நேராக என்னைக் கேட்டார். இருபத்து மூன்று வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் தலைகால் புரியாமல் தேதி கொடுத்துவிட்டேன். தைப்பது நான், மாட்டி அடிப்பது அவர். அவர் படுத்தால் என் வாக்கும் சேர்ந்து படுத்துவிடும்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாயிலிருந்த ஆணியைக் கிண்ணத்தில் துப்பினார். "சின்னவளே, உள்ள என்னமோ குத்துது. பாரு."

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லுக்குப் பக்கத்தில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை தெரிந்தது. அரிசி நுனி அளவுக்குத்தான் இருக்கும். வெளிர் மஞ்சள். விரலால் தொட்டேன், கூராக இருந்தது.

"ஆணி, அத்தான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் கடையில் எங்கே எது குத்தினாலும் ஆணிதான். செருப்பில் குத்தினாலும் ஆணி, பஞ்சுக்குள் கையை விட்டாலும் ஆணி.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு காந்தச் சுத்தியலைக் கழுவிக்கொண்டு வந்து, மெல்லிய முனையை வாய்க்குள் விட்டு அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒட்டவில்லை.

"பித்தளையா இருக்கும்" என்றேன். "போன வருஷம் அந்த வக்கீல் ஆபீஸ் நாற்காலிக் கைக்கு அடிச்சோமே, அந்தப் பித்தளை ஆணி. காந்தத்துக்கு எப்படி ஒட்டும்? நெறத்தைப் பாருங்க, மஞ்சளாத்தானே இருக்கு."

"ம்" என்றார். வாயில் ஒரு ஆணியும் இல்லாமலே "ம்" என்றார்.

அன்று மதியம் சாப்பாடு கொண்டுவந்த அக்காவிடம் சொன்னதும் அவள் பாத்திரத்தைத் திறக்காமலே நின்றாள். "பல்லு ஆடுதா?" என்றாள்.

அத்தான் விரலால் ஆட்டிக் காட்டினார். இரண்டு பல் ஆடின.

"டாக்டர் சொன்னாரே. பல்லு ஆடினா அன்னைக்கே வரணும்னு சொன்னாரே. கெளம்புங்க."

"ஆணி ஆப்பு மாதிரி எறங்கி நிக்குதுக்கா, பல்லு ஆடாம என்ன செய்யும்? வெளிய தள்ளிட்டா தானா சரியாயிடும்" என்றேன் நான்.

"ஆணி எப்படிடி ஈறுக்குள்ள போகும்?"

"நீ ஒரு நாளாவது ஆணியைத் தொட்டிருக்கியா? நாப்பது வருஷமா ஆணியோட குடித்தனம் பண்றவரு இவரு. அவருக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?" நான் சிரித்தேன். அத்தானும் சிரித்தார், பாதி வாயால். அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

அதன் பிறகு தினமும் மதியம் வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "வந்துச்சா?" என்பதுதான். "இன்னும் இல்ல" என்போம். சோற்றையும் காயையும் விரலால் மசித்து மசித்து, மெல்லவே வேண்டாத பதத்தில் கொண்டுவருவாள். ஒரு போத்தலில் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, கொப்பளித்த தண்ணீரைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி, ஆணி விழுந்திருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பாள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "தங்கம் அரிக்கிறாங்க" என்று அத்தான் கேலி பண்ணினார்.

நான்காம் நாள் அதை நெம்பி எடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு வீரம் வந்தது. சோபா தைக்கிற வளைந்த ஊசி ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். ஊசி முனையை அதன்மேல் வைத்து இழுத்தேன். உலோகத்தின் மேல் ஊசி வழுக்கும், சின்னதாக ஒரு சத்தம் வரும். இது வழுக்கவில்லை. சுரண்டியது. ஊசியை வெளியே எடுத்துப் பார்த்தேன். நுனியில் மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. வாயிலிருந்து ஒரு நாற்றமும் வந்தது.

அவருக்கு வலிக்கவே இல்லை. "வருதா?" என்று கேட்டார்.

"கெட்டியா இருக்கு அத்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

அது ஆணி இல்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று யாரிடமும் சாதிக்க முடியாது, என்னிடமே முடியாது. ஊசியைத் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு சீட்டு பாக்கி இருந்தது. முடிந்ததும் அன்றைக்கே நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேனேஜர் முகத்தில் முழிக்க வேண்டியிருக்குமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கேவலமாக இருக்கிறது, என்ன செய்வது. அப்படித்தான் இருந்தது.

பதினோரு நாள் போனது. கடைசி இருபது சீட்டை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா சாப்பாட்டோடு வந்திருந்தாள், வழக்கம் போல் "வந்துச்சா?" என்று கேட்டாள். அத்தான் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். ஏதோ தடுக்கியது போலக் கன்னத்தைச் சுளித்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரி சர்வசாதாரணமாக வெளியே எடுத்து, வேலைப் பலகையில் வைத்தார்.

இரண்டு பல். தனித்தனியாக இல்லை. நடுவில் பழுப்பும் பச்சையுமாக ஓட்டை விழுந்த ஒரு துண்டு எலும்பு, அதில் இரண்டும் நட்டது நட்டபடி நின்றன. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. "வலிக்கவே இல்லையே" என்றார் அத்தான். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் நடுங்கியது.

அக்கா குனிந்து பார்த்தாள். நிதானமாக, எல்லாப் பக்கமும் பார்த்தாள். "இதுல ஆணி எங்க?" என்றாள்.

தாடை அறுவை டாக்டர் ஒரு பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். முன்பக்கத்திலிருந்து நாலாவது பல் தொடங்கிக் கடைவாய் வரைக்கும் எலும்பு செத்திருக்கிறது. செத்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும். கீழ் விளிம்பு மட்டும் உயிரோடு இருந்தால் தாடை ஒரே எலும்பாக நிற்கும். அதுவும் போயிருந்தால் நடுவில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைத்து இணைக்க வேண்டும். எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"எலும்பு எத்தனை நாளா வெளிய தெரியுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்" என்றார் அத்தான். "நான்தான் ஆணின்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆணி என்று சொன்ன வாய் பக்கத்திலேயேதான் இருந்தது, அது திறக்கவில்லை.

திறந்து பார்த்தார்கள். கீழ் விளிம்பும் போயிருந்தது. நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், இரண்டு அங்குலத் துண்டு எடுத்தாயிற்று, தகடு வைத்து எட்டுத் திருகாணி போட்டாயிற்று என்றார். முன்னாலேயே வந்திருந்தால் தாடை தப்பியிருக்குமா என்று அக்கா கேட்டாள். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. தப்பியிருக்கலாம்" என்றார் அவர். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அந்த "கலாம்" இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது.

அத்தான் தேறினார். நாலாம் நாள் பேச அனுமதித்ததும் பார்க்க வந்த பூட்டுக்காரரிடம், "இப்ப உண்மையாவே ஆணி ஏத்திட்டாங்க. எட்டு" என்று விரலைக் காட்டினார். இடது கன்னம் உள்ளே போய் முகம் கோணியது. மெல்லுவது என்ற காரியமே இல்லை. வாயில் ஆணி போடக் கூடாது, ஆணி தொண்டைக்குள் போனால்கூட மரத்த வாய்க்குத் தெரியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் அதற்கு ஒன்றும் மூக்கால் அழவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்து பின் அடிக்கிற மெஷினை எடுத்து டக்கு டக்கு என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். மூலை மடிப்புக்கு மட்டும் நான் எழுந்து போய்த் துணியைப் பிடிக்கிறேன். வேலை நடக்கிறது.

எனக்குத்தான் நடக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் "நான்தான் நெனச்சேன்" என்றாரே, அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் அவருடைய சாப்பாட்டை மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் கூடத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊசியில் மாவு ஒட்டியது, நாற்றம் அடித்தது, எலும்பென்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டது, அறுபத்திரண்டு சீட்டு. மிக்சிக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தித்தான் சொன்னேன்.

அவர் கோபப்படுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கோணல் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சின்னவளே, நாப்பது வருஷம் ஆணியை நாக்கால பொறுக்கினவன் நான். பாதி நாக்கு மரத்துப் போச்சு, சரி. மீதிப் பாதி இருந்துச்சுல்ல? உங்கிட்ட காட்டறதுக்கு முன்னாடியே நாக்கால தடவிப் பாத்துட்டேன். அது ஆணி இல்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்பறம் ஏன்?"

"நீ பித்தளைன்னியே. அப்படியே இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. தாடையை வெட்டுவாங்கன்னு டாக்டர் சொன்னதுல இருந்து எனக்குப் பயம். அவ்வளவு பயம். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

என் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாமல் அடித்தது இவருடைய ஒரு "ம்". இவர் என் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்தார், நான் இவருடைய தலையாட்டலுக்குப் பின்னால் ஒளிந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் மிக்சி எப்போதோ நின்றுவிட்டது என்று எனக்கு உறைத்தது.

அக்கா வாசற்படியில் நின்றாள். கையில் மிக்சி ஜாடி.

"நான் மட்டுந்தான் நம்பியிருக்கேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கெளம்புங்கன்னு நான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. சரி, ஆணியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு நானும் நம்பினேன். தெனமும் அந்தத் தண்ணியைக் கிளறித் தேடினேனே, அப்ப ரெண்டு பேருக்குமே தெரியும். தெரிஞ்சுகிட்டே வேடிக்கை பாத்தீங்க."

அவள் ஜாடியிலிருந்ததைத் தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். எனக்கும் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சண்டை எதுவும் போடவில்லை, அதற்குப் பிறகும் போடவில்லை.

ஆனால் மறுபரிசோதனைக்குப் போகும்போது இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. ஸ்கேன் படம் அவள் கையில்தான் இருக்கிறது. டாக்டர் கேட்பதற்கெல்லாம் அத்தானை முந்திக்கொண்டு அவளே பதில் சொல்கிறாள். தினமும் காலையில் அவர் பல் விளக்கியதும் ஸ்டூலில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, தையல் போட்ட இடத்தை மூலை மூலையாகப் பார்க்கிறாள். போன வாரம் நான் அங்கே இருந்தபோதும் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான்.

"நீங்க சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "வாயைத் தொறங்க."